வாழ்க்கைப்படாத வாழ்க்கை

கல்யாணம் ஆனதை நம் மொழி ‘வாழ்க்கைப்பட்டாள்’ என்று சொல்கிறது. அத்தை மகனுக்கு வாழ்க்கைப்பட்டாள், பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டால் ‘வாழாவெட்டி’. அப்படியானால் கல்யாணமே செய்துகொள்ளாதவளுக்கு வாழ்க்கையே கிடையாது என்றுதானே அர்த்தம்? அவளைக் குறிக்க நம்மிடம் இருக்கிற சொற்களைப் பாருங்கள். கல்யாணம் ஆகாதவள். முதிர்கன்னி. ஒண்டிக்கட்டை. முதல் சொல்லில் ஒரு ‘ஆகாத’, இரண்டாவதில் ஒரு முதிர்ச்சிக் கேலி, மூன்றாவதில் ஆளே கிடையாது, வெறும் கட்டை. சொந்த முடிவாகத் தனியாக வாழ்கிற பெண்ணை மரியாதையாகச் சொல்ல ஒரு சொல் கிடையாது. ‘தனித்து வாழும் பெண்’ என்பது தாலுகா ஆபீஸ் மொழி. எங்க தெருவுல யாரும் அப்படிப் பேசமாட்டாங்க.

மொழியில் இல்லாத இந்தப் பெண் தலித் இலக்கியத்தில் இருக்கிறாளா என்பதுதான் என் கேள்வி. இருக்கிறாள். 1990களிலேயே வந்துவிட்டாள். நாம்தான் அவளைச் சரியாக வாசிக்கவில்லை.

முதலில் முதிர்கன்னிக் கவிதைகளை ஒதுக்கி வைத்துவிடலாம். எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை புதுக்கவிதை எழுதிய ஆண்களில் முதிர்கன்னிக்காகக் கண்ணீர் விடாதவர்கள் குறைவு. ஜன்னல் கம்பி, நரைத்த முடி, பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்கள், வரதட்சணை. கல்லூரி ஆண்டு மலர்களில் பக்கத்துக்குப் பக்கம் இதுதான். வரதட்சணைக் கொடுமை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவிதைகளில் அவள் எப்போதும் காத்துக்கொண்டே இருக்கிறாள். வேலைக்குப் போவதில்லை, சிரிப்பதில்லை, யாரையும் திட்டுவதில்லை. கவிஞர் வந்து இரக்கப்படுவதற்காகவே ஜன்னலில் நிற்கிறாள். அந்த ஜன்னல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். சேரியில் எந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தாள்? விடிஞ்சா நடவு, களையெடுப்பு, தீப்பெட்டி ஆபீசு, செங்கல் சூளை. காத்திருக்க அவளுக்கு நேரமும் கிடையாது, பல வீட்டுக்கு ஜன்னலும் கிடையாது.

பழைய இலக்கியம் மட்டும் தனிப்பெண்ணை எப்படி ஏற்றுக்கொண்டது? உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வா என்றது. ஔவை கல்யாணம் வேண்டாமென்று பிள்ளையாரிடம் கேட்டுக் கிழவியானாள் என்று கதை. 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்து அந்தக் கிழவி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தாள். காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேயுருக் கேட்டார். ஆண்டாள் அரங்கனோடு கலந்துபோனாள். மணிமேகலை துறவு பூண்டாள். கிழவி, பேய், தெய்வம், துறவி. இந்த நாலில் ஒன்றாக ஆனால்தான் ஒரு பெண் ஆண் துணையில்லாமல் ஊர் ஊராக நடக்கலாம். முப்பது வயதில், சம்பளம் வாங்கிக்கொண்டு, ரேஷன் வாங்கிச் சோறு பொங்கித் தின்றுகொண்டு தனியாக இருக்கிற பெண்ணுக்கு அங்கே இடமில்லை. எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் இவர்களைப் பற்றிப் பரீட்சை எழுதினோம். இந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் எழுப்பவில்லை.

பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வந்தது. அதைப் பற்றிய கட்டுரைகளும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சொல்லும். தலித் பெண்ணுக்கு இரட்டை ஒடுக்குமுறை, பேச்சு மொழி, கெட்ட வார்த்தையை ஆயுதமாக்குவது. மூன்றும் சரிதான். ஆனால் அந்த நாவலில் கல்யாணத்தை எடைபோடுகிற ஒரு தராசு தொடக்கத்திலிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

வெள்ளையம்மா கிழவியை எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன் இலங்கைக்குப் போனவன் போனவன்தான், திரும்பவே இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூலி வேலை செய்து பிழைக்கிறாள். தெருவில் பிரசவமென்றால் அவளைக் கூப்பிடுகிறார்கள். பேத்திக்கு ஊர்க்கதை முழுவதையும் சொல்கிற வாய் அவளுடையது. இப்போது அவளுடைய மூத்த மகளைப் பாருங்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் அடித்து அடித்தே அவள் செத்துப்போகிறாள். ஆம்பள இல்லாத அம்மா கிழவியாகும்வரை இருந்தாள், ஆம்பளைக்கு வாழ்க்கைப்பட்ட மகள் போய்ச் சேர்ந்தாள். பாமா இதை ஒரு வாதமாக வைக்கவில்லை. கிழவி வாயால் போகிறபோக்கில் சொல்லவைக்கிறார். நாமும் போகிறபோக்கில் வாசித்துவிட்டோம்.

செத்தவளின் மகள் மாரியம்மா. நிலத்துக்காரன் அவளைப் பம்புசெட்டுக்குள் இழுக்கப் பார்க்கிறான். தப்பித்து ஓடுகிறாள். எங்கே வெளியே சொல்லிவிடுவாளோ என்று அவன் முந்திக்கொண்டு, மாணிக்கத்தோடு இவள் தப்பாக நடந்தாள் என்று பழி போடுகிறான். நம்ம ஆட்களின் பஞ்சாயத்து கூடுகிறது. இவள் சொல்வதைக் கேட்க ஆளில்லை. அபராதம். ஆணுக்குப் போட்டதைவிடப் பெண்ணுக்குக் கூட. கடைசியில் அந்த மாணிக்கத்துக்கே அவளைக் கட்டிவைக்கிறார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். இந்தப் பகுதியை மேல்சாதி ஆணின் வன்முறைக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அது பாதிதான். ஆதிக்கசாதிக்காரன் சொன்ன பொய்யைத் தீர்ப்பாக்கி, அந்தத் தீர்ப்பைக் கல்யாணமாக மாற்றியது நம் பஞ்சாயத்து. அங்கே தாலி ஒரு தண்டனை. அபராதத்தின் இரண்டாவது தவணை என்றுகூடச் சொல்லலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கடைசி அத்தியாயத்தில் கதைசொல்லி தன்னைப் பற்றிப் பேசுகிறாள். படித்திருக்கிறாள், வேலை பார்க்கிறாள், கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருக்கிறாள். வாடகைக்கு வீடு பிடிப்பதிலிருந்து போகிற இடமெல்லாம் கேள்விதான். கல்யாணம் ஆயிருச்சா, ஏன் ஆகல, என்ன ஆளுக. சாதி கேட்கிற வாயும் புருஷனைக் கேட்கிற வாயும் ஒரே வாய் என்பது அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது உறைக்கிறது. வீடு தேடி அலைந்த நமக்கு இது தெரியாத விஷயமில்லை. போன வருஷம் ஒரு வீட்டுக்காரம்மா என்னிடம், “தனியா இருக்கிற பொம்பளைக்கு நாங்க குடுக்கறதில்லம்மா” என்றார். அதே மாடியில் தனியாக இருந்த பையனைப் பற்றிக் கேட்டேன். “அவன் பேச்சிலர்” என்றார். ஆணுக்கு இங்கிலீஷ் வார்த்தை, அதில் ஒரு கெத்து. சாதியைக் கேட்டதும் அந்தம்மா சிரித்த சிரிப்பைத் தனியாக எழுத வேண்டும்.

வெள்ளையம்மா கிழவியையும் மூத்த மகளையும் மாரியம்மாவையும் தாண்டி வந்து அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்தால், கதைசொல்லியின் தனிமை ‘குறை’யாகத் தெரியாது. பார்த்துப் பார்த்து, எண்ணிப் பார்த்து எடுத்த முடிவாகத் தெரியும். ஆனால் விமர்சகர்கள் என்ன செய்தார்கள்? மடத்தைக் காரணம் காட்டினார்கள். கன்னியாஸ்திரியாக இருந்து வந்தவர், அதனால்தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று முடித்துவிட்டார்கள். பாமா மடத்தில் ஏழு ஆண்டுகள் இருந்தவர், 1992இல் வெளியே வந்தார், அதே ஆண்டு ‘கருக்கு’ வந்தது. இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் மடத்துக்குள் இருந்த தனிமையும் வெளியே வந்தபிறகு இருந்த தனிமையும் ஒன்றா? மடத்துக்குள் கல்யாணம் வேண்டாமென்றால் அது தேவ அழைத்தல். உடுப்பு உண்டு, சாப்பாட்டு மணி உண்டு, மூத்த சகோதரியின் உத்தரவு உண்டு, ஊரில் வணக்கம் உண்டு. உடுப்பைக் கழற்றிவிட்டுக் கையில் காசில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறபோது அதே ‘வேண்டாம்’ சந்தேகத்துக்குரியதாக ஆகிவிடுகிறது. ‘கருக்கு’வின் கடைசிப் பகுதியில் இருக்கிற கலக்கம் அந்த பஸ் ஸ்டாண்டின் கலக்கம். 2011இல் வந்த ‘மனுசி’ அதன் தொடர்ச்சி. தனியாக நின்று வேலை பார்த்துப் பிழைக்கிற தலித் பெண்ணின் கதை. ‘கருக்கு’க்குக் கிடைத்த வாசிப்பில் கால்வாசிகூட ‘மனுசி’க்குக் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு. கருக்கில் வலி இருந்தது. வலியைக் கொண்டாட நமக்குத் தெரிகிறது. ஒரு தலித் பெண் தனியாக இருந்து நிமிர்ந்துவிட்டாள் என்றால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தனி வாழ்க்கையை வானத்துக்குத் தூக்கிவைக்கவும் நான் தயாரில்லை. பட்டணத்துப் பெண்கள் பத்திரிகைகள் இன்று ‘சிங்கிள்’ என்று எழுதுகிற வாழ்க்கைக்குப் பின்னால் அப்பா வாங்கிக்கொடுத்த ஃபிளாட் இருக்கிறது. நம்ம பெண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்த நாவல். அதில் வருகிற தங்கம், புருஷன் செத்தவள். பிள்ளை இல்லையென்று சொல்லிப் புருஷனின் நிலத்தில் பங்கு தர மறுக்கிறார்கள் கொழுந்தன்மார்கள். கூலிக்குப் போன இடத்தில் உடையார் அவளைப் பலாத்காரம் செய்கிறான். உடையார் வீட்டு ஆட்கள் அவளையே அடித்து நொறுக்குகிறார்கள். நியாயம் கேட்டுத் தலித் தலைவர் காத்தமுத்து வீட்டுக்கு வருகிறாள். ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருக்கிற அந்தத் தலைவர் கடைசியில் அவளையும் தன்னவளாக்கிக்கொள்கிறார். நிலமில்லாமல், கூலியை மட்டும் நம்பித் தனியாக இருக்கிற பெண்ணைச் சுற்றி எத்தனை கைகள் நீளுகின்றன என்று அந்த நாவல் காட்டுகிறது. நம் தலைவரின் கையும் அதில் ஒன்று என்று எழுதியதற்காகச் சிவகாமியை நம்மவர்கள் சும்மா விட்டார்களா? 1997இல் அவரே தன் நாவலை விசாரணை செய்து ‘ஆசிரியர் குறிப்பு’ எழுதினார். காத்தமுத்துவின் மகள் கௌரி கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் படிப்பைப் பிடித்துக்கொள்கிறாள். தங்கத்துக்கு அந்தக் கதவும் இல்லை. இந்த இரண்டு பெண்களையும் ஒரே வீட்டுக்குள் வைத்துப் பார்த்ததுதான் அந்த நாவலின் பலம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கமும் அருந்ததியர் குடும்பங்களில் நோய்ப்பட்ட பெண்குழந்தையை மாத்தம்மா கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற வழக்கம் இருந்து வந்திருக்கிறது. சாமிக்குத் தாலி. அதனால் வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது. யார் வேண்டுமானாலும் தொடலாம். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் இது முழுசாகப் போய்விடவில்லை. புருஷன் இல்லாத தலித் பெண் பொதுச்சொத்து என்கிற எண்ணம் சாதியின் மூளையில் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. எங்க அம்மாக்கள் “ஒரு தாலி கழுத்துல ஏறிட்டாப் போதும்” என்று பதறுவது புருஷன்மேல் உள்ள பாசத்தால் இல்லை. அது ஒரு வேலி. வேலியே மேய்ந்தாலும் பரவாயில்லை, வெளி மாடு வராமல் இருந்தால் சரி என்கிற கணக்கு. இந்தப் பயத்தைக் கேலி செய்துவிட்டுத் தனிவாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நம் தெருவில் கேட்க ஆளிருக்காது.

அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை இந்த இடத்தில் எடுத்துப் படிக்க வேண்டும். அகமணம்தான் சாதியின் சாரம் என்கிறார். சாதிக்குள்ளேயே கட்ட வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். புருஷன் செத்துப்போனால் ஒரு பெண் உபரியாகிறாள். உபரிப்பெண் வெளியே போய்விடுவாள் என்கிற பயத்தில் அவளைச் சிதையில் ஏற்று, இல்லாவிட்டால் மொட்டையடித்து மூலையில் வை. மனைவி செத்த ஆண் உபரியானால் அவனுக்குச் சின்னப் பெண்ணைக் கட்டிவை. உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் இந்தக் கணக்கைச் சரிக்கட்டப் போட்ட ஏற்பாடுகள். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஜோடி சேராத பெண்ணைப் பார்த்துச் சாதி ஏன் நடுங்குகிறது என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். அவள் எந்த வம்சத்துக்கும் பிள்ளை பெற்றுத்தர ஒத்துக்கொள்ளாதவள், எந்தக் கணக்கிலும் சேராதவள். 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் பேசியபோது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க அவசரப்படாதீர்கள், அது ஒரு சுமை என்றார். கட்டிக்கொள்கிற பெண் புருஷனுக்கு அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இயக்கத்தில் நாம் இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம்? சாதிமறுப்புத் திருமணத்தை எடுத்துக்கொண்டோம். எடுக்கத்தான் வேண்டும். 2012இல் தர்மபுரி நத்தம் காலனி எரிந்தது ஒரு கல்யாணத்துக்காக. 2016இல் உடுமலை பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் வெட்டினார்கள். உயிரைக் கொடுத்துக் கட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிற நாட்டில் கல்யாணத்தை அலட்சியமாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் விரும்பியவரைக் கட்டிக்கொள்ளும் உரிமையும் யாரையும் கட்டிக்கொள்ளாமல் இருக்கும் உரிமையும் ஒரே உரிமைதானே? மேடையில் முதலாவதற்குக் கைதட்டுகிற தோழர் கீழே இறங்கி வந்து, “நீங்க எப்ப தோழர்? நம்மள்ல ஒரு நல்ல பையன் இருக்கான்” என்கிறார். நம்மள்ல. கவனித்தீர்களா? அகமணம் நம் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைப்பேறுதான் பெண்ணை அடிமையாக்குகிறது என்று பெரியார் எழுதியதைப் பக்க எண்ணோடு ஒப்பிக்கிற தோழர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.

ஆணுக்கு இந்தத் தொல்லை கிடையாது. காமராசர் கல்யாணம் செய்துகொள்ளாதது நாட்டுக்குச் செய்த தியாகம். கன்ஷிராம் கல்யாணம் செய்துகொள்ளாதது சமூகத்துக்குச் செய்த தியாகம். அவரோடு நின்று கட்சியை வளர்த்து, 1995 தொடங்கி நான்கு முறை உத்தரப்பிரதேச முதல்வரான மாயாவதியை எத்தனை அசிங்கமாகப் பேசினார்கள்! அவர் ‘பெஹன்ஜி’ ஆக வேண்டியிருந்தது, இங்கே ஜெயலலிதா ‘அம்மா’ ஆக வேண்டியிருந்தது. அக்காவாகவோ அம்மாவாகவோ ஒரு உறவுமுறைக்குள் நுழைந்தால்தான் தனிப்பெண்ணை ஊர் நிமிர்ந்து பார்க்கும்.

அரசாங்கத்தின் கதை இன்னும் வேடிக்கை. தேவதாசி முறைக்கு எதிராகக் கடைசிவரை போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. 2011இல் அதோடு தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016இல் அது 8 கிராம் ஆனது. படிச்ச பெண்ணுக்குக் காசு வேணுமா, கல்யாணம் பண்ணிக்க வேண்டும். 2022இல்தான் அது மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆனது. தாலித் தங்கம் பரீட்சை ஃபீஸாகவும் பஸ் காசாகவும் மாறியது சின்ன விஷயம் இல்லை. நம் எழுத்தாளர்களில் ஒருத்தர்கூட இதைக் கதையாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், 50 வயது கடந்த, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கென்று தனி ஓய்வூதியம் இருக்கிறது, 2023இலிருந்து 1,200 ரூபாய். ஐம்பது வயது வரை அவள் ‘இன்னும் ஆகாதவள்’. ஐம்பதைத் தாண்டினால் அரசாங்கமே நம்பிக்கையை விட்டுவிட்டு ஆதரவற்றவள் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. 2023இல் மகளிர் உரிமைத் தொகை விதிகளில் திருமணமாகாத தனித்த பெண்ணையும் குடும்பத் தலைவியாகக் கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் இருந்தாலும் அது குடும்பம்தான் என்று ஒரு அரசாங்கக் காகிதம் ஒத்துக்கொண்டிருக்கிறது. இலக்கியம் ஒத்துக்கொள்ள இன்னும் எத்தனை வருஷம்?

பாமாவிடமே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவருடைய தனிப்பெண் வேலை பார்க்கிறாள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள், ஊருக்கு உழைக்கிறாள், சண்டை போடுகிறாள், சிரிக்கிறாள். அவள் யார்மேலாவது ஆசைப்பட்டாளா? ராத்திரியில் உடம்பு என்ன கேட்டது? அங்கே பிரதி வாயை மூடிக்கொள்கிறது. மடத்தின் உடுப்பு கழன்ற பிறகும் அதன் நிழல் எழுத்தில் கிடக்கிறதோ என்று தோன்றுகிறது. சேவை செய்கிறாள், அதனால் அவள் தனியாக இருக்கலாம் என்கிற சமாதானம் உள்ளுக்குள் ஓடுகிறது. தனியாக இருக்கிற பெண் யாருக்கும் சேவை செய்யாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறி ஆக்கித் தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்தால் அவளை மதிக்க மாட்டோமா?

சுகிர்தராணி ‘கைப்பற்றி என் கனவு கேள்’ என்று 2002இலும் ‘இரவு மிருகம்’ என்று 2004இலும் தொகுப்புகள் கொண்டுவந்தபோது அந்த மூடிய வாய் திறந்தது. கணவன் என்கிற சட்டகத்துக்கு வெளியே தலித் பெண்ணின் உடம்பு தனக்காகப் பேசியது. அதற்கு என்ன கிடைத்தது என்று நமக்குத் தெரியும். உடல்மொழிக் கவிஞர்கள் என்று ஒரு கூட்டமாக்கி ஆபாசம் என்று கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலில் நம் ஆண்களின் குரலும் கேட்டது. பாமா ஏன் மௌனமாக இருந்தார் என்பதற்கான பதிலும் அந்தக் கூச்சலுக்குள் இருக்கலாம். மாத்தம்மாவின் ஊரில், தங்கத்தின் ஊரில், ஆசையை வாய்விட்டுச் சொல்கிற பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று பாமாவுக்குத் தெரியாதா? பாமாவின் உழைக்கிற பெண்ணும் சுகிர்தராணியின் ஆசைப்படுகிற பெண்ணும் ஒரே ஆளாக, ஒரே வீட்டில், வாடகை கட்டிக்கொண்டு இருக்கிற ஒரு நாவல் நம்மிடம் இன்னும் வரவில்லை. எழுதுகிற பெண்கள் இருக்கிறார்கள். கைப்பிரதியாகவே இரண்டு படித்திருக்கிறேன். ஒன்றைப் படித்த பதிப்பாளர், கடைசியில் அவளுக்கு ஒரு கல்யாணம் செய்துவைத்துவிடுங்கள், வாசகருக்குத் திருப்தியாக இருக்கும் என்று எழுதி அனுப்பியிருந்தார். எழுதியவள் அந்தக் கடிதத்தைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தில் அடுத்த அத்தியாயத்துக்குக் குறிப்பெழுதி வைத்திருக்கிறாள்.